அரிசி வேகாத அடுப்பு

"எங்கள் வீட்டில் ஓர் அடுப்பு இருக்கிறது, அண்ணா! இராப் பகலாக எரிந்துகொண்டே இருக்கிறது. இது வரையில் அதில் ஒரு பிடி அரிசி வெந்தது கிடையாது. அணைத்துவிடலாமா என்று கேட்டால், 'ஐயோ! மூன்று வாரத்துப் பாடு வீணாய்ப் போய்விடுமே!' என்று பதறுகிறார். இதற்கு நீங்கள்தான் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்."

நம்மிடம் இப்படி முறையிட்டவர் கள்ளக்குறிச்சியிலுள்ள நம் சிநேகிதரின் மனைவி. தம்பதிகளின் வழக்கில் தீர்ப்புச் சொல்வது ஆபத்தான காரியம் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆகையால், "முதலில் அடுப்பைப் பார்க்கிறோம், அம்மா! பிறகு நியாயத்தைப் பார்க்கலாம்" என்று சொல்லி, சிநேகிதருடைய அறைக்குள் நுழைந்தோம்.

சிநேகிதர் டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். பிராயம் எழுபத்தொன்று. ஓய்வு பெற்ற மனிதர்கள் சிலர் ரோஜாச் செடி வளர்க்கிறார்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரர் மீது வழக்குத் தொடுக்கிறார்கள். இவர் பழைய ஆசிலேட்டர்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மேஜை மேல் ஒரு மரப்பெட்டி. கள்ளக்குறிச்சியின் மரச் சிற்ப வேலைக்கு 2021-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது அல்லவா? சுவாமி விக்கிரகம் செதுக்குகிற அந்த ஊர்க் கை ஒன்றுதான் இந்தப் பெட்டியையும் இழைத்துக் கொடுத்திருக்கிறது. மின்விசிறிக் காற்றுப் படாமல் இருப்பதற்காக மரப்பெட்டி. அதற்குள்ளே, உள்ளங்கையில் அடங்கும்படியான ஒரு தகரப் பெட்டி. அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் அம்மாள் சொன்ன அடுப்பு!

தொட்டுப் பார்த்தோம். சற்று முன்பு காப்பி ஊற்றிய டம்ளரைப் போல் இதமான சூடு. "உள்ளே எண்பது டிகிரி. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குகூட ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது" என்றார் சிநேகிதர்.

"வேகிற பண்டம் என்ன?" என்று கேட்டோம்.

"காலம்!" என்றார்.

இந்தப் பதில் வேதாந்தம் போல் இருந்தாலும், பௌதிக சாஸ்திரப்படி பார்த்தால் முழுக்க உண்மையேயாகும். அதை நேயர்களுக்குச் சற்று விளக்குவது நம் கடமை.

ஸ்படிகக் கல்லை மெல்லிய வில்லையாகச் சீவி மின்சாரம் பாய்ச்சினால் அது துடிக்கிறது. அழுத்தினால் ஸ்படிகத்தில் மின்சாரம் பிறக்கும் என்பதைப் பிரான்ஸ் தேசத்தில் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்தார்கள். அந்தத் துடிப்பை எண்ணிக் காலம் காட்டும் முதல் கடிகாரத்தை 1927-ல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிசாலையில் மாரிஸன் என்பவர் தம் சகா ஹார்ட்டனுடன் சேர்ந்து செய்தார். இன்று நம் வீட்டுச் சுவரிலே தொங்கும் கடிகாரம் அந்த வம்சத்தில் வந்ததுதான். அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு ஸ்படிகம் வினாடிக்கு 32,768 தடவை துடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஸ்படிகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடும் குளிரும் அதன் மனத்தைக் கலைத்துவிடும். சுவர்க் கடிகாரத்தின் ஸ்படிகம் ஏறக்குறைய 25 டிகிரி சூட்டில் சரியாக நடக்கும்படி சீவப்பட்டிருக்கிறது. நாள் முழுவதும் 40 டிகிரியிலேயே அது இருக்க நேர்ந்தால், நாளொன்றுக்கு அரை வினாடிக்கு மேல் பிந்திவிடும். கத்திரி வெயிலில் மனிதர்களே சோர்ந்து போகும்போது, பாவம், ஒரு கல்லைக் குறை சொல்லி என்ன பயன்?

சுவர்க் கடிகாரத்துக்கு அரை வினாடி பெரிதல்ல. ஆனால் ஒரே கம்பியில் நூற்றுக்கணக்கான பேர்களின் பேச்சை அடுக்கி அனுப்பிய டெலிபோன் நிலையங்களுக்கு அது போதாது. ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சின் மேல் ஏறாமல் இருக்க வேண்டுமானால், அனுப்பும் ஊரிலும் வாங்கும் ஊரிலும் துடிப்பு ஒன்றாயிருக்க வேண்டும். ஆகையால் யந்திர நிபுணர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். வெளியே அடிக்கும் வெயிலை நாம் தடுக்க முடியாது. எந்த வெயிலும் எட்ட முடியாத ஒரு சூட்டை உள்ளேயே உண்டாக்கி, அதிலே ஸ்படிகத்தைக் குடி வைத்துவிட்டால்? வெளியே பதினைந்து டிகிரியாயிருந்தாலும் நாற்பத்தைந்தாயிருந்தாலும் உள்ளே எண்பதுதான். குளிர் அதிகமானால் அடுப்பு கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் சாப்பிடும். வெயில் ஏறினால் பசி குறையும். ஸ்படிகத்துக்கோ ஒன்றுமே தெரியாது. மேலும், சூடு மாற மாறத் துடிப்பும் மாறுகிற ஸ்படிகம், ஒரு குறிப்பிட்ட டிகிரியில் அந்த மாறுதலை நிறுத்தித் திரும்புகிறது. சரியாக அந்தத் திரும்புமுனையிலேயே அடுப்பை நிறுத்திவிட்டால், இம்மியளவு சூடு கூடினாலும் குறைந்தாலும் துடிப்பு அசைவதில்லை.

இப்படிச் செய்த நல்ல பெட்டி ஒன்று வினாடிக்கு ஒரு கோடி தடவை துடிக்கும். நன்றாகச் சூடேறி நிலைத்த பிறகு, நாளொன்றுக்கு ஆயிரம் கோடியில் ஐந்து பங்குக்கு மேல் மாறுவதில்லை. ஆயிரம் கோடி ரூபாய் வரவு செலவில் ஐந்து ரூபாய் பிசகு! இப்படிக் கணக்கு எழுதும் குமாஸ்தா நம் தேசத்தில் எந்த இலாகாவிலாவது அகப்பட்டால், அவருக்குச் சிலையே வைக்கலாம்.

அடுப்பை அணைக்கக் கூடாதென்று சிநேகிதர் பதறுவதன் காரணமும் இதுதான். அணைத்து மறுபடி மூட்டினால், துடிப்பு பழைய இடத்துக்கு உடனே வந்துவிடுவதில்லை. நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், மெள்ள மெள்ள நிதானத்துக்கு வரும். பழைய தென்னாற்காட்டு ஜில்லாவைச் சேர்ந்தவர்களுக்கு அணையா அடுப்பு ஒன்றும் புதிதல்லவே! வடலூர்த் தருமசாலையில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அது பசித்தவருக்குச் சோறு போடுகிறது. இது வேளை தவறாமை என்னும் குணத்துக்குச் சோறு போடுகிறது. இந்த வித்தியாசத்தை நாம் எடுத்துச் சொன்னபோது அம்மாள், "அந்த அடுப்புக்கு மின்சாரக் கட்டணம் இல்லையே, அண்ணா!" என்றார். நாம் வாயை மூடிக்கொண்டோம்.

சூட்டுடன் இந்தப் போராட்டம் நம் நாட்டுக்குப் பழையது. 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானசாஸ்திர நிலையம் ஏற்பட்டது. அங்கே ஊசல் கடிகாரம் வைத்து நட்சத்திரங்களைப் பார்த்துக் காலம் கணித்தார்கள். இரும்புக் கம்பியில் தொங்கும் ஊசல், சூடு ஒரு டிகிரி கூடினால் நாளைக்கு அரை வினாடி பிந்தும். கம்பி நீண்டுவிடுவதுதான் காரணம். சென்னை வெயிலில் வேலை பார்த்த கணிதர்கள் அந்தப் பிசகையெல்லாம் கழித்துத்தான் நேரம் சொன்னார்கள். அப்படிச் சொன்ன சென்னை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா முழுவதும் ரயில்கள் ஓடியது இந்தச் சென்னை நேரத்தைப் பார்த்துத்தான். 1906-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்றுதான் ஐந்தரை மணிக் கணக்குள்ள இந்திய நேரம் வந்தது. பம்பாய் ரயிலும் கல்கத்தா ரயிலும் ஒரு காலத்தில் நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தன என்பதை நம் குழந்தைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா?

இனி, சிநேகிதரின் பெட்டிகள் வந்த கதையைச் சொல்கிறோம். டெலிபோன் நிலையங்களில் புதிய யந்திரங்கள் வந்தபோது பழையவற்றைக் கழித்துக் கட்டினார்கள். கழித்தவை ஏலத்துக்குப் போயின. ஏலம் எடுத்தவர்கள் உடைத்து, செம்பு தனி, அலுமினியம் தனி, தங்கப் பூச்சுள்ள முனைகள் தனி என்று பிரித்துக் கிலோக் கணக்கில் விற்றார்கள். சென்னை ரிச்சி தெருவுக்குச் சிநேகிதர் ஒரு நாள் ஏதோ சாமான் வாங்கப் போனபோது, ஒரு கடை வாசலில் கோணிப் பைக்குள் இந்தத் தகரப் பெட்டிகள் ஏழு கிடக்கக் கண்டார். தாம் இருபது வருஷம் காவல் காத்த ஜாதிப் பெட்டிகள்! எடை போட்டுப் பணம் கொடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஏழில் ஐந்து செத்திருந்தன. இரண்டில் சூட்டு ஃப்யூஸ் போயிருந்தது. அடுப்பு அளவு மீறிக் கொதித்தால் தானே அறுந்து பெட்டியைக் காப்பாற்றும் சிறு கம்பி அது. வருஷக்கணக்கில் சூட்டிலேயே கிடந்ததால், காரணமில்லாமலே மனம் வெறுத்து அறுந்துபோயிற்று. ஒன்றில் டான்டலம் கப்பாஸிட்டர் குறுக்கிட்டுப் போயிருந்தது. இன்னொன்றில் சூட்டைக் காக்கும் நுரைப் பஞ்சு பொடியாக உதிர்ந்து, அடுப்பின் வெப்பமெல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் ஸ்படிகமே விரிந்திருந்தது. அதற்கு வைத்தியம் இல்லை. உள்ளூர்ப் பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். அவள் கைதான் சால்டரிங் கம்பியைப் பிடிக்கிறது. "எனக்குக் கை நடுங்குகிறது. அவளுக்கு அவசரம் நடுங்குகிறது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மெக்கானிக்" என்றார் சிநேகிதர்.

இந்தப் பெட்டிகளிடம் ஓர் அபூர்வமான குணம் உண்டு. புதிதாய்ச் செய்த ஸ்படிகம் கொஞ்சம் கொஞ்சமாகத் துடிப்பு மாறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கணுக்கள் விலகுவதும், பிடித்திருக்கும் கம்பிகளின் இறுக்கம் தளர்வதும் காரணம். வருஷம் ஆக ஆக இந்தச் சலனம் குறைகிறது. முப்பது வருஷம் அடுப்பில் கிடந்த நல்ல ஸ்படிகம், நேற்று வாங்கிய ஸ்படிகத்தைக் காட்டிலும் நிதானமானது. மனிதர்களில் இந்த லட்சணம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, கல்லுக்கு வாய்த்திருக்கிறது. அப்படி முதிர்ந்த சரக்கைத்தான் நாம் கிலோக் கணக்கில் உடைத்து விற்கிறோம்!

"எல்லாம் சரி, இதனால் பிரயோஜனம் என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். சிநேகிதர் நம்மை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தட்டு ஆன்டெனா மேற்குத் திசையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வடமேற்கே கல்வராயன் மலை நீலக் கோடாய்த் தெரிந்தது. மலையை விட மிக உயரத்தில், மேற்கு வானில் ஏறக்குறைய 28 பாகை ஏற்றத்தில், 2018-ல் ஏவப்பட்ட கத்தார் தேசத்துச் சாட்டிலைட் ஒன்று நிற்கிறது. அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்று அதில் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளவர்களின் பேச்சு அதன் வழியாகக் கள்ளக்குறிச்சி மாடிக்கு வருகிறது. கேட்பதற்குச் செவி போதும். பேசுவதற்குச் சர்க்கார் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற வேண்டும். சிநேகிதர் பெற்றிருக்கிறார்.

அந்தப் பேச்சு வரும் அலை வினாடிக்கு ஆயிரம் கோடிக்கு மேல் அதிர்கிறது. ஒரு குரல் அடங்கும் இடமோ மூவாயிரம் அதிர்வுகூட இல்லை. வெயிலில் காயும் சாதாரண ஸ்படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், பத்தாயிரம் அதிர்வு தள்ளிப்போய்விடும். பேசுகிறவர் ஓர் அறையில் இருக்க, நாம் நான்கு அறை தாண்டிக் காது வைத்துக் கேட்கிற கதைதான். காலையில் பிடித்த குரல் மத்தியானம் நழுவிவிடும். அடுப்புப் பெட்டியின் துடிப்பைக் கட்டளையாகக் கொடுத்தபிறகு, ஆன்டெனா சித்திரை வெயிலில் காய்ந்தாலும் குரல் நின்ற இடத்தில் நிற்கிறது.

இதைக் கண்ணால் காண வேண்டும் என்றோம். "மலைக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்றார்.

தை மாதம். கீழே மத்தியானம் 31 டிகிரி. பாட்டரியோடு பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, கச்சிராயப்பாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் பிரயாணமானோம். இரண்டாயிரம் அடியிலிருந்து மூவாயிரம் அடி வரையில் உயர்ந்த மலைத்தொடர் அது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பியபோது பெட்டி நம் மடியில் இருந்தது. பக்கத்தில் ஒரு மலைவாசிப் பெரியவர் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். நம் பையில் சூடு வருவதைத் தொட்டுப் பார்த்து, "சோறா, சாமி?" என்று கேட்டார். "இல்லை, பெரியவரே, கடிகாரம்" என்றோம். அவர் நம் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் வெள்ளிமலையில் 16 டிகிரி. சாட்டிலைட்டுகளிலிருந்து நேரம் வாங்கும் ஒரு கருவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சிறு கண்ணாடித் திரையில் இரண்டு அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் ஓடவிட்டார் சிநேகிதர். முதலில் அடுப்பில்லாத ஒரு சாதாரண ஸ்படிகம். கீழே சரிசெய்து கொண்டுவந்ததுதான். மேலே அதன் துடிப்பு கோடிக்குப் பதினான்கு பிசகியிருந்தது. அலை திரையில் நிற்காமல் ஓடிற்று. பிறகு அடுப்புப் பெட்டி. அலை நின்றது! கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தோம். நூறு வினாடியாகியும் ஓர் அலை முழுதாக நகரவில்லை. நூறு வினாடியில் நூறு கோடித் துடிப்பு. அதில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்று அர்த்தம். மலை ஏறியதையோ, பதினைந்து டிகிரி குளிர்ந்ததையோ அந்தக் கல் அறியவே இல்லை.

நாம் ஆர்வ மிகுதியால் பெட்டியைக் கையிலெடுத்துத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தோம். அலை உடனே மெள்ள நழுவ ஆரம்பித்தது. "வையுங்கள், வையுங்கள்!" என்று கத்தினார் சிநேகிதர். புரட்டினால் ஸ்படிக வில்லை தன் பாரத்தாலேயே அணுவளவு வேறு விதமாய் வளைகிறதாம். நிமிர்த்தி வைத்ததும் அலை பழையபடி நின்றது. எந்தச் சூட்டுக்கும் குளிருக்கும் அசையாதவரைக்கூடத் தலைகீழாய்ப் புரட்டினால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார். இதில் கோபிக்க ஒன்றுமில்லை.

இதெல்லாம் ஓய்வு பெற்ற மனிதரின் விளையாட்டு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நம் தேசம் தனக்கென்று திசை காட்டும் சாட்டிலைட்டுகளை 2013-லிருந்து ஏவிற்று. அவற்றின் உயிர்நாடி ருபீடியம் கடிகாரம். அந்தக் கடிகாரங்களை ஐரோப்பாவிலிருந்து வாங்கி வைத்தோம். முதல் சாட்டிலைட்டில் இருந்த மூன்று கடிகாரங்களும் நின்றுபோயின. திசை காட்டும் வேலைக்கு அது உதவாமற் போயிற்று. வானத்தில் நின்றுவிட்ட கடிகாரத்தை யார் போய்ச் சாவி கொடுப்பது? பதிலுக்கு 2017 ஆகஸ்டில் அனுப்பியதும் நிலைகொள்ளாமல் வீணாயிற்று. 2018 ஏப்ரலில்தான் வேறொன்று போய்ச் சேர்ந்தது. நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே ருபீடியம் கடிகாரம் செய்யக் கற்றார்கள். 2023-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற சாட்டிலைட்டில் நம் தேசத்தில் செய்த கடிகாரம் முதன்முதலாக ஏறிற்று.

அந்த ருபீடியம் கடிகாரத்தின் வயிற்றிலும் ஒரு ஸ்படிகம்தான் துடிக்கிறது. ருபீடியத்தையும் ஒரே சூட்டில் அடுப்பு வைத்துத்தான் காக்கிறார்கள். சிநேகிதரின் மேஜை மேல் உள்ள வித்தையும் வானத்தில் உள்ள வித்தையும் அண்ணன் தம்பி. காலத்தைப் பிறரிடம் கடன் வாங்கும் தேசம், கடன் கொடுத்தவரின் கடிகாரம் நிற்கும்போது தானும் நின்றுவிடும். அந்த வித்தையைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் போதாது. பெட்டியைத் திறந்து, போன ஃப்யூஸைக் கண்டுபிடித்து, மூன்று வாரம் பொறுமையாகக் காத்திருந்து பார்த்த கைகள் வேண்டும். அந்தக் கைகளைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்கூடத்தைத்தான் நாம் கோணிப்பையில் கட்டி எடைக்குப் போடுகிறோம். ஏலம் போடும் இலாகாக்கள் ஏலத்துக்கு முன் நாலு பெட்டிகளைப் பக்கத்துப் பாலிடெக்னிக்குக்குக் கொடுத்தால், சர்க்கார் பொக்கிஷம் காலியாகிவிடாது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பெண்ணையோ பையனையோ உட்கார வைத்துப் பாடம் சொல்லும்.

மலையிலிருந்து திரும்பிய இரவு சிநேகிதர் வீட்டிலேயே தங்கினோம். நடுநிசியில் மின்சாரம் நின்றது. மின்விசிறி ஓய்ந்ததும் நாம் விழித்துக்கொண்டோம். சிநேகிதரோ பிரயாணக் களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்பலாமா என்று நாம் யோசிப்பதற்குள், கையில் டார்ச்சு விளக்குடன் யாரோ அறைக்குள் போவது தெரிந்தது. எட்டிப் பார்த்தோம். அம்மாள், பாட்டரிக் கம்பியை எடுத்து மரப்பெட்டியில் செருகிக்கொண்டிருந்தார். செருகியதும் பெட்டியின் மேல் கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.

நம்மைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அரிசி வேகாவிட்டால் என்ன, அண்ணா! ஏற்றின அடுப்பை அணைய விடலாமா?" என்றார்.

நம்மிடம் கேட்டிருந்த நியாயத்தை அவரே வழங்கிவிட்டபடியால், நாம் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டோம்.